வெயிலில் வைத்த மாப்பிள்ளைத் துவக்கு

இருபத்து நான்கு வயதில் ஓய்வு பெறுகிறவளுக்குப் பிரியாவிடை உரை நிகழ்த்தும் தகுதி கிடையாது என்று மர்சூக் நானா தீர்ப்பளித்துவிட்டார். எழுதிக் கொடுக்க மட்டும் அனுமதி தந்திருக்கிறார். "நீ கதைச்சா ஒருத்தருக்கும் கேக்காது புள்ள. எழுதினா வாசிக்கவாவது செய்வாங்க" என்பது அவர் சொன்ன காரணம். நமது பெயின்ட்போல் களத்தின் உரிமையாளர் சொன்னால் மறுப்பதற்கில்லை, காரணமும் நியாயமானதுதான். இறுதியாண்டுப் படிப்பு என் சனி ஞாயிறுகளையும் கேட்கத் தொடங்கிவிட்டதால், இந்த வேலை மேசை இனி உங்கள் மூவருக்கும் உரியது.

நானா சாயக்குண்டுத் துவக்கு என்று சொல்லும் மார்க்கரைக் கழற்றுவது எப்படி, துடைப்பது எப்படி, எந்த வளையத்துக்கு எந்த எண்ணெய் என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை ஜூட் அண்ணா சொல்லித் தருவார். ஒரே விடயத்தை ஐந்து விதமாகச் சொல்லித் தருவார். ஐந்தாவது விதம் வழக்கமாகச் சரியாக இருக்கும்.

நான் எழுத வந்தது, வந்த முதல் நாளே நீங்கள் மூவரும் தனித்தனியாக என்னிடம் வந்து இரகசியம் கேட்பதுபோலக் கேட்ட ஒரு கேள்வியைப் பற்றி: "அக்கா, இதை இன்னும் வேகமாச் சுட வைக்கேலாதா?"

முடியும். மிகவும் எளிது. அதுதான் இதிலுள்ள சிக்கல்.

மார்க்கரின் விசையை இழுத்தால் உள்ளே ஒரு சிறு இரும்புச் சுத்தியல் பாய்ந்து வால்வைத் தட்டுகிறது. வால்வு ஒரு கணம் திறந்து, குண்டைத் தள்ளுவதற்கான காபனீரொட்சைட்டு வாயுவை விட்டுவிட்டு, தன் சுருள்வில்லின் பலத்தால் மீண்டும் மூடிக்கொள்கிறது. அந்தக் கணம் நீண்டால் குண்டின் வேகம் கூடும், குறுகினால் குறையும். சுத்தியலைக் கனமாக்கலாம், வில்லைத் தளர்வாக்கலாம், வால்வின் வழியை அகலமாக்கலாம். நமது எல்லை செக்கனுக்கு இருநூற்று எண்பது அடி. அதற்கு மேல் சுடும் எதுவும் களத்துக்குள் போகாது என்று வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. அதை எழுதுவித்தவர் மர்சூக் நானா. இந்தத் தகவலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருங்கள். அவருக்கே அது மறந்துபோகும் இடம் ஒன்று வரப்போகிறது.

ஜூட் அண்ணா இங்கே வருவதற்கு முன் கற்பிட்டிக் கரையில் படகு எஞ்சின் திருத்தியவர். இந்தக் கரையில் எஞ்சின் செத்தால் ஒருவரும் புதிது வாங்க ஓடுவதில்லை. செத்த மூன்றை உரித்து, உயிருள்ள பாகங்களை ஒன்றாகச் சேர்த்து, நான்காவதாக ஒன்றைப் பிறப்பிப்பார்கள். அது கடலுக்குப் போய்த் திரும்பியும் வரும். அந்தக் கைப்பழக்கத்தோடுதான் ஜூட் அண்ணா மார்க்கர்களையும் அணுகினார். நமது கையிருப்பு அதற்குத் தோதாகவும் இருந்தது: வேறுவேறு இடங்களிலிருந்து இரண்டாம் கையாக வாங்கிய வேறுவேறு வகைகள். ஒன்றின் வில் உப்புக் காற்றில் துருவேறினால் இன்னொன்றின் வில். பெரும்பாலும் பொருந்திப் போகும். அவர் கைபடாத மார்க்கர் ஒன்றுகூட இந்தக் களத்தில் இல்லை. அவர் இல்லாவிட்டால் களமும் இல்லை. ஆகவே பின்வருவதைப் படித்துவிட்டு அவரைப் பார்த்து வாய்க்குள் சிரிக்க வேண்டாம். வெளிப்படையாகச் சிரியுங்கள், அதை அவர் விரும்புவார்.

நானாவின் மகள் சஃப்ராவை நீங்கள் கண்டிருக்கிறீர்கள். உயர்தர வகுப்பில் என்னோடு படித்தவள். நான் வாயைத் திறப்பதே இல்லை என்பதற்காகவே எனக்கு "டீச்சர்" என்று பட்டம் வைத்தவள். அவளுக்கும் இர்ஷாத்துக்கும் நிக்காஹ் முடிந்த மறு கிழமை, மாப்பிள்ளை தன் நண்பர்களோடு முதன்முறையாக இங்கே விளையாட வருவதாக ஏற்பாடு. மாப்பிள்ளையும் நண்பர்களும் ஓர் அணி. சஃப்ராவும் அவளுடைய மச்சிமாரும் எதிரணி. இரண்டு ஆட்டம், பிறகு ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சஹன் சாப்பாடு.

மாப்பிள்ளை வருகிறார் என்றதும் நானா ஜூட் அண்ணாவிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "நம்மட மாப்பிள்ளைட கைக்கு நல்லதொரு சாமான் வேணும்."

"நல்லது" என்றால் என்ன என்று ஜூட் அண்ணா கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. பழைய மார்க்கர்களை உரித்து, ஒன்றிலிருந்து ஆக அகலமான வால்வை எடுத்தார். இன்னொன்றிலிருந்து ஆக மென்மையான வில். மூன்றாவதிலிருந்து ஆகக் கனமான சுத்தியல். ஒவ்வொன்றும் தன் இனத்தில் ஆகச் சிறந்தது. உடலை மினுக்கி, பச்சை நிறமும் பூசினார். அழகாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை.

அன்று காலை அதை வேகமானியில் சோதித்தவரும் அவரே. "இருநூத்தி எழுபத்தஞ்சு! பாத்தியா தங்கச்சி, வெண்ணெய் மாதிரிப் போகுது."

எண்ணில் பிழையில்லை. ஆனால் அதை வாங்கிப் பார்த்தபோது என் கண்ணில் பட்டது திருகாணி. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் பின்புறத்தில் இருக்கும் திருகாணி, குறைக்கும் பக்கமாகக் கடைசிவரை கழற்றப்பட்டிருந்தது. இன்னும் அரைச் சுற்றுச் சுற்றினால் கையோடு வந்துவிடும்.

"இதுக்கு மேல குறைக்க ஏலாதே அண்ணா" என்றேன்.

"ஏன் குறைக்கணும்? எல்லைக்குள்ளதானே நிக்குது?"

"இப்ப நிக்குது."

"இப்ப நிக்கிறதுதானே கணக்கு. நீ படிக்கிற கதைப் புத்தகம் இல்ல தங்கச்சி இது, கடைசிப் பக்கத்தை முதல்ல பாக்க."

நான் கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பதில்லை. அதைச் சொல்வதற்குள் மாப்பிள்ளையின் வாகனங்கள் வந்துவிட்டன.

முதல் ஆட்டம் நன்றாகவே நடந்தது. நானா தன் கையாலேயே பச்சை மார்க்கரை மாப்பிள்ளையிடம் கொடுத்தார். இர்ஷாத் அதை இரண்டு கைகளாலும் வாங்கி, "ஜஸாக்கல்லாஹ், மாமா" என்று நன்றி சொன்னார். நடுவில் கழுதைகள் களத்துக்குள் வந்ததால் நான் இரண்டு முறை ஆட்டத்தை நிறுத்தினேன். விசில் எப்போதும் மேசைக்காரரின் கழுத்தில் இருக்கும் என்பதும், அது ஊதினால்தான் ஆட்டம் தொடங்கும் என்பதும் உங்களுக்குத் தெரியும். கழுதைகளுக்கும் தெரியும்.

இடைவேளையில் எல்லோரும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். மற்ற மார்க்கர்கள் கிடுகுக் கொட்டிலின் நிழலில் வரிசையாக இருந்தன. மாப்பிள்ளையின் மார்க்கரை மற்றவற்றோடு வைக்க ஜூட் அண்ணாவுக்கு மனம் வரவில்லை. நானாவின் ஜீப் முன்மூடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, அதன்மேல் வாயு நிறைந்த போத்தலோடு எல்லோரும் காணும்படி வைத்தார். வெயிலும் கண்டது.

காபனீரொட்சைட்டு வெயிலில் என்ன செய்யும் என்பதை நீங்கள் பள்ளிக்கூடத்தில் எழுதிச் சித்தியடைந்திருப்பீர்கள். சூடு ஏறினால் அமுக்கம் ஏறும். நிழலில் வைத்தாலும் நமது மார்க்கர்கள் பகலில் கொஞ்சம் எகிறத்தான் செய்யும்; அப்போது திருகாணியை ஒரு சுற்றுக் குறைப்போம், அடங்கிவிடும். பச்சை மார்க்கருக்கு அந்த ஒரு சுற்று இல்லை.

இரண்டாம் ஆட்டத்துக்கு முன்னர் இர்ஷாத் ஒரு தென்னையை நோக்கிச் சும்மா ஒரு குண்டு சுட்டார். சத்தம் வேறாக இருந்தது. சாயமும் மரத்தில் வழியவில்லை. தூசுபோலச் சிதறிப் பரவியது. நான் கையடக்க வேகமானியை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னொருக்காச் சுடுங்க."

என்னை இரசிகை என்று நினைத்திருக்க வேண்டும். மிகவும் ஒயிலாக நின்று சுட்டார். வேகமானி முன்னூற்று இருபதைத் தாண்டிக் காட்டியது.

அந்த வேகத்தில் கிட்ட நின்று சுட்டால் கண்டிப்போன நீலத் தழும்போடு முடியாது, தோல் கிழியும். முகக்காப்பு தாங்குமா என்பதை எவரும் உத்தரவாதமாகச் சொல்ல முடியாது. எதிரணியில் சஃப்ரா தன் மச்சிமாரை மரங்களுக்குப் பின்னால் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளையைத் தானே கிட்டப் போய்ச் சுடப்போவதாகச் சத்தமாக அறிவித்துக்கொண்டும் இருந்தாள். வேறு எவரையும் விட அவள்தான் அந்தக் குழலுக்கு நேரே வரப்போகிறாள்.

ஜூட் அண்ணாவிடம் எண்ணைக் காட்டினேன்.

"மீற்றர் பிழை" என்றார் உடனே. "உப்புக் காத்துல கிடந்த மீற்றர். காலையில நானே பாத்தேனே?"

இங்கேதான் நீங்கள் ஒரு கணம் நிற்க வேண்டும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த வேகமானி அதற்கு முன்னும் பிழையாகக் காட்டியிருக்கிறது. பழுதாகியிருப்பது மார்க்கரா மீற்றரா என்று அதே இரண்டையும் வைத்துக்கொண்டு நாள்முழுக்க வாதிடலாம். வாதிடாமல், நிழலில் இருந்த சாதாரண மார்க்கர் ஒன்றை எடுத்து அதே மீற்றருக்கு முன்னால் சுட்டேன். இருநூற்று அறுபது சொச்சம். வேறொன்றையும் சுட்டேன். ஏறக்குறைய அதேதான். மீற்றருக்கு ஒரு குறையும் இல்லை.

ஜூட் அண்ணா மீற்றரைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், வெள்ளைத் துணியைப் பார்த்தார்.

"ஹரி" என்று சிங்களத்தில் மெதுவாக ஒத்துக்கொண்டார். "என்ட பிழை. நான் போய் வாங்கிட்டு வாறன்."

அவர் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை அறிய அதிகம் காத்திருக்கத் தேவைப்படவில்லை. நானாவே எங்களிடம் வந்துவிட்டார்.

"என்ன இன்னும் விசில் ஊதல்ல? சஹன் ஆறுது."

"மாப்பிள்ளைட மார்க்கர் எல்லைக்கு மேல சுடுது நானா. வாங்கி வைக்கணும்."

"யார்ட்ட இருந்து வாங்கி வைக்கணும்?"

"மாப்பிள்ளைட்ட இருந்து."

நானா என்னை நான் வேறு மொழியில் பேசியதுபோலப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "புள்ள, அவர்ட ஆள்கள் எல்லாம் பாத்துக்கொண்டிருக்க, என்ட கையால குடுத்ததை நான் திருப்பி வாங்குறதா? முதல் முறை வந்த மாப்பிள்ளைட்ட? கொஞ்சம் குறைச்சு விடேன்."

"குறைக்கிறதுக்கு இடமில்ல."

"மெதுவாச் சுடுங்க எண்டு சொல்லு."

"மெதுவாச் சுட ஏலாது நானா. விசையை மெதுவா இழுத்தாலும் குண்டு அதே வேகத்திலதான் போகும்."

"நான் போய்ச் சொல்றன்" என்றார் ஜூட் அண்ணா.

"நீ சும்மா இரு! நீ செஞ்சது காணும்." நானா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "ஊது புள்ள. ஒரு ஆட்டந்தானே."

நான் ஊதவில்லை. தைரியம் என்று எண்ணிவிடாதீர்கள். விசிலை வாயில் வைக்காமல் இருப்பது வைப்பதைவிட எளிது. அதற்குக் குரல் தேவையில்லை. கழுத்தில் விசில் இருக்கும்வரை எனக்குக் கிடைத்தது நேரம் மட்டுமே, அதுவும் அதிகமில்லை. மாப்பிள்ளையின் நண்பர்கள் கைதட்டத் தொடங்கியிருந்தார்கள்.

"கழுதை வந்திருக்கு எண்டு சொல்லு" என்று ஜூட் அண்ணா என் காதருகே முணுமுணுத்தார்.

"எங்க கழுதை?"

"என்னைக் காட்டு."

நல்ல யோசனைதான். ஆனால் கழுதை போனதும் ஆட்டம் தொடங்கிவிடும். நேரே இர்ஷாத்திடம் போய்ச் சொல்லலாம். அவர் மரியாதையுள்ளவர், மாமாவின் முகத்தைப் பார்ப்பார். மாமா, "பரவாயில்ல மாப்பிள்ளை, நீங்க வச்சுக்கொள்ளுங்க" என்பார். மாமா சொன்னபின் கீழே வைத்தால் அவமரியாதை என்று மாப்பிள்ளை வைத்துக்கொள்வார். இருவரும் ஒருவரையொருவர் மதித்துக்கொண்டிருக்க, குண்டு மூன்றாமவரைப் போய்ச் சேரும். எனக்கு அப்போது தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான்: இதைப் பற்றி இன்னும் எவரும் கேட்காதது அந்த மூன்றாமவரிடம்.

களத்தைக் கடந்து சஃப்ராவிடம் போனேன்.

"என்ன டீச்சர், விசில் தொண்டையில சிக்கிற்றா?"

எண்ணைச் சொன்னேன். வால்வைச் சொன்னேன். ஜீப்பைச் சொன்னேன். அவளுடைய வாப்பா சொன்னதையும் மறைக்கவில்லை. அவள் முகக்காப்பைக் கழற்றி என்னையே பார்த்தாள்.

"அப்ப, என்ட மாப்பிள்ளை என்னைச் சுடுறதுக்கு வாப்பா ஸ்பெஷலாத் துவக்குச் செஞ்சு குடுத்திருக்கார்?"

"அப்படி நினைச்சுச் செய்யல்ல."

"செஞ்சிருக்கார்தானே?"

"ஓம்."

"கலியாணம் முடிஞ்சு ஒரு கிழமைதான் ஆகுது" என்றாள், பின்னால் நின்ற மச்சிமாரைப் பார்த்து. அவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அவள் சிரிக்கவில்லை. தன் மார்க்கரை என் கையில் திணித்துவிட்டு நடக்கத் தொடங்கினாள்.

களத்தின் நடுக்கோட்டில் நின்று கணவனை நோக்கிக் கையை நீட்டினாள். "அந்தத் துவக்கை எனக்குத் தாங்க."

இர்ஷாத் மார்க்கரைப் பார்த்தார். எதிர்பார்த்தபடியே மாமாவைப் பார்த்தார். "மாமா எனக்கெண்டு தந்தது..."

"என்னையுந்தான் வாப்பா உங்களுக்கெண்டு தந்தார். நான் கேக்கிறதைத் தர மாட்டீங்களா?"

அவருடைய நண்பர்கள் பக்கமிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. இர்ஷாத்தின் காதுகள் சிவந்தன. மாமனார் கொடுத்ததை மாமனாரிடம் திருப்பிக் கொடுக்க அவரால் முடியாது. மனைவி கேட்டுக் கொடுத்தால் அதில் எவருக்கும் குறையில்லை. கூச்சலிட்ட நண்பர்களுக்கும் அது பிடித்திருந்தது. இரண்டு கைகளாலும் வாங்கியதை இரண்டு கைகளாலும் கொடுத்தார். சஃப்ரா அதை வாங்கி, குழலை நிலத்துக்குச் சாய்த்தபடியே கொண்டுவந்து என்னிடம் தந்தாள். நான் போத்தலைக் கழற்றி, மிச்ச வாயுவை வெளியேற்றினேன். அந்தச் சீறல் எனக்கு அன்று மிகவும் இனிமையாகக் கேட்டது.

அத்தோடு விட்டிருக்கலாம். எல்லோர் மானமும் தப்பிவிட்டது. ஆனால் தன் கையில் இருந்தது இன்னதென்று தெரியாமல் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவது சரியாகப்படவில்லை. சாதாரண மார்க்கர் ஒன்றைக் கொடுக்கும் சாக்கில் இர்ஷாத்திடம் போய், வேகமானியில் கண்ட எண்ணைச் சொன்னேன். அவர் மனைவி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"முதல் ஆட்டத்தில இவவைப் பாத்து நான் சுடல்ல" என்றார் பிறகு. "தென்னை மரத்துக்குத்தான் சுட்டேன்."

"மூணு தரம் என்ட காதடியால போச்சு" என்றாள் சஃப்ரா, எங்கிருந்தோ.

"மரத்துக்குத்தான்..."

"மரத்துக்குத் தெரியும்."

விசிலை ஊதினேன். இரண்டாம் ஆட்டத்தில் சஃப்ரா சொன்னபடியே செய்தாள். நெஞ்சின் நடுவில், மஞ்சள் சாயம், எல்லைக்குட்பட்ட வேகம். நானா முதலில் கைதட்டினார். யாருக்குக் கைதட்டுகிறோம் என்பது விளங்கியதும் நிறுத்திக்கொண்டார். சஹனில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஆட்டுக்கறியின் நல்ல துண்டுகளையெல்லாம் அவர் பக்கமே தள்ளினார். என்னிடம் அந்த நாளைப் பற்றி அவர் நேரடியாக எதுவும் சொன்னதில்லை. மறுவாரம் ஜீப்பைக் களத்துக்குள் கொண்டுவராமல் வெளியே நிறுத்தினார். இன்றுவரை அங்கேதான் நிறுத்துகிறார்.

ஜூட் அண்ணா பச்சை மார்க்கரைக் கழற்றி, வால்வையும் வில்லையும் சுத்தியலையும் அந்தந்த மார்க்கருக்கே திருப்பிக் கொடுத்தார். மூன்றும் தத்தம் வீட்டில் இப்போது ஒழுங்காக வேலை செய்கின்றன. பாகங்களைக் கலப்பதை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தவும் வேண்டாம், நமக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் கலந்து பூட்டியதும் நிழலில் ஒரு முறை சோதித்து, வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து மறுபடி சோதிக்கிறார். பிறகு திருகாணியைத் தொட்டுப் பார்க்கிறார், குறைப்பதற்கு இன்னும் சுற்றுகள் மிச்சமிருக்கின்றனவா என்று. இல்லாவிட்டால் எண் எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிடுகிறார். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அவர் மறந்தால் "காலையில நானே பாத்தேனே" என்று மட்டும் சொல்லுங்கள். வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

விசிலை மேசையின் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறேன். அதை ஊதச் சொல்லி உங்களைப் பலர் வற்புறுத்துவார்கள். மிகவும் நல்லவர்களும், உங்களுக்குச் சம்பளம் தருபவர்களும். அப்போது அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று குழம்ப வேண்டாம். அந்தக் குழலுக்கு நேரே யார் நிற்கப்போகிறார் என்று பார்த்து, நேரே அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.

பெருநாளைக்கு இர்ஷாத்தும் சஃப்ராவும் வருவார்கள். ஒவ்வொரு பெருநாளைக்கும் வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு எந்த மார்க்கரைக் கொடுப்பது என்று நீங்கள் யோசிக்க வேண்டியதில்லை. வரிசையில் இருக்கும் ஏதாவது ஒன்றை அவரே எடுத்துக்கொள்வார். உங்களிடம் வேகமானியைக் கேட்பார், கொடுத்துவிடுங்கள். அவர் அதைத் தன் மனைவியின் கையில் கொடுத்துவிட்டு, வெயிலில் நின்று தென்னையை நோக்கி ஒரு குண்டு சுடுவார். அவள் எண்ணை வாசித்து, இன்னொருக்கா என்பாள். இன்னொரு முறையும் சுடுவார். அதன் பிறகுதான் முகக்காப்பைப் போட்டுக்கொண்டு சொல்வாள்:

"ஹரி. இப்ப என்னைச் சுடலாம்."